மெல்லப் பேசி வெகுதூரம் எட்டுவது எப்படி?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வேலைவாய்ப்பைப் பற்றியும் வெளிநாட்டுப் படிப்பைப் பற்றியும் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் நான் ஒரு பொழுதுபோக்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஹாம் ரேடியோ என்றால் உங்களில் பலருக்குத் தெரியும். மைக்கைப் பிடித்து ஜப்பானோடும் இத்தாலியோடும் பேசுவார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் சொல்லப்போவது அந்த ஊரின் கடைசித் தெரு. அங்கே மைக் கிடையாது, அரட்டை கிடையாது. ஒரு எழுத்தை அனுப்பி முடிக்கவே சில நிமிஷம் ஆகும். அதற்குப் பெயர் மிகத் தாழ்ந்த அதிர்வெண் வானொலி. 3 முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரை உள்ள அலைகள்.

"சார், அது நம் காதுக்கே கேட்கிற அதிர்வெண் ஆயிற்றே" என்று யாராவது சொன்னால், சரியாகச் சொன்னீர்கள். ஆனால் இது காற்றில் வரும் ஒலி இல்லை, மின்காந்த அலை. 18.2 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 16.5 கிலோமீட்டர். செம்பரம்பாக்கத்தில் பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூரில் இறங்கினால் ஏறத்தாழ ஒரே ஒரு அலையைக் கடந்திருப்பீர்கள்!

நம் பக்கத்துக் கதை

இது ஏதோ வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். 1924-இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி அவர்கள் முன்னின்று சென்னையில் மதராஸ் மாகாண ரேடியோ கிளப்பை ஆரம்பித்தார். அதே ஆண்டு ஜூலை மாதம் ஒலிபரப்பும் தொடங்கியது. சர்க்கார் வானொலி வருவதற்கு முன்பே ஆர்வலர்கள் கையால் நடந்த காரியம் அது.

அதே 1924-ஆம் ஆண்டு டிசம்பரில் ஸ்வீடன் நாட்டில் கிரிமெட்டன் என்ற ஊரில் ஒரு நிலையம் வேலை செய்யத் தொடங்கியது. மின்னியல் துறைத் தம்பிகள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த டிரான்ஸ்மிட்டரில் வால்வும் இல்லை, டிரான்சிஸ்டரும் இல்லை. அது ஒரு சுழலும் ஜெனரேட்டர். ரோட்டரின் விளிம்பில் 488 பள்ளங்கள், நிமிஷத்துக்கு 2,115 சுற்று. பெருக்கி 60-ஆல் வகுத்துப் பாருங்கள், சுமார் 17,200 ஹெர்ட்ஸ் வரும். நம் லேபில் 50 ஹெர்ட்ஸ் கொடுக்கும் ஆல்டர்னேட்டரின் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். 2004-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. வருஷத்தில் ஓரிரு நாள் இன்னும் அதை ஓட்டிச் செய்தி அனுப்புகிறார்கள்.

நம் தமிழ்நாட்டிலேயே இந்த அலைவரிசையில் ஒரு பெரிய நிலையம் இருக்கிறது. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன். 1990-இல் தொடங்கி வைக்கப்பட்டது. கடலுக்கு அடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி சொல்வதுதான் அதன் வேலை. அதன் 18.2 கிலோஹெர்ட்ஸ் ஒலிபரப்பை வி.டி.எக்ஸ். என்ற அழைப்புக் குறியால் உலகமெங்கும் ஆராய்ச்சியாளர்கள் அறிவார்கள். கொல்கத்தாவின் இந்திய விண்வெளி இயற்பியல் மையம் இந்த சிக்னலின் வலிமையை அளந்தே மேலே உள்ள அயனி மண்டலத்தை ஆராய்ந்து வந்திருக்கிறது. 2009 ஜூலை 22-ஆம் தேதி முழு சூரிய கிரகணத்தின்போதும் இதைச் செய்தார்கள்.

நீர்மூழ்கிக்கு ஏன் இந்த அலை? ஷார்ட்வேவ் 10 மெகாஹெர்ட்ஸ் அலை கடல்நீரில் 8 சென்டிமீட்டர் இறங்குவதற்குள் மூன்றில் ஒரு பங்காக இளைத்துவிடும். 18.2 கிலோஹெர்ட்ஸ் அலை அதே அளவு இளைக்க 1.9 மீட்டர் தூரம் ஆகும். நல்ல தண்ணீரில் இன்னும் சௌகரியம். நம் செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு ஆழம் 24 அடி. ஏரித் தண்ணீர் கடல்நீரைப்போல் நூறில் ஒரு பங்கு மின்சாரம் கடத்தும் என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஏரி நிரம்பியிருக்கும்போதும் அடிமட்டத்தில் அந்த சிக்னல் மூன்றில் இரண்டு பங்கு மிச்சம் இருக்கும். அதாவது கட்டபொம்மன் பேசுவது நம் ஏரியின் சேற்றுக்கும் கேட்கிறது. நமக்குத்தான் கேட்பதில்லை!

முதலில் காது, பிறகு வாய்

அனுப்ப ஆசைப்படுபவர் முதலில் கேட்கப் பழக வேண்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு குடும்பம் ஓட்டலில் சாப்பிடும் செலவுதான்.

ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் மரச்சட்டம் அடித்துக்கொள்ளுங்கள். மோட்டார் ரீவைண்டிங் கடையில் எனாமல் பூசிய மெல்லிய தாமிரக் கம்பி கிடைக்கும். சட்டத்தைச் சுற்றி அறுபது சுற்று சுற்றுங்கள். இரண்டு முனைகளையும் ஒரு யு.எஸ்.பி. சவுண்டு கார்டின் மைக் துளையில் கொடுங்கள். மைக் துளையில் கொஞ்சம் டி.சி. வோல்டேஜ் இருக்கும், அதைத் தடுக்க ஒரு கெப்பாசிட்டரைத் தொடரில் போடுங்கள். சவுண்டு கார்டு விநாடிக்கு 48,000 முறை மாதிரி எடுத்தால் 24 கிலோஹெர்ட்ஸ் வரை உங்களுக்குத் தெரியும். ஸ்பெக்ட்ரம் லேப் போன்ற இலவச மென்பொருளில் அதைத் திரையில் கோடுகளாகப் பார்க்கலாம். அவ்வளவுதான் ரிசீவர்.

திரையில் 18.2-இல் கட்டபொம்மன் தெரியும். 19.8-இல் ஆஸ்திரேலியாவின் வடமேற்கு முனையில் உள்ள கடற்படை நிலையம் தெரியும். இப்போது சட்டத்தை மெதுவாகத் திருப்புங்கள். சட்டத்தின் விளிம்பு நிலையத்தை நோக்கி நிற்கும்போது சிக்னல் பலமாக இருக்கும். முகம் நோக்கி நிற்கும்போது தேய்ந்து போகும். விஜயநாராயணம் இங்கிருந்து நேர்கோட்டில் சுமார் 570 கிலோமீட்டர், தெற்குக்குச் சற்று மேற்கே. ஒரு மரச்சட்டத்தைத் திருப்பியே திருநெல்வேலி எந்தத் திசை என்று சொல்லிவிடலாம். வலிமையை அளப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே என்ன செய்தி போகிறது என்று குடைவது நம் வேலை இல்லை.

அந்த வலிமையை ஒரு நாள் முழுக்கப் பதிவு செய்து பாருங்கள். இந்த அலைகள் பூமிக்கும் அயனி மண்டலத்துக்கும் நடுவே ஒரு குழாயில் ஓடுவதுபோல ஓடுகின்றன. பகலில் அந்தக் குழாயின் கூரை சுமார் 70 கிலோமீட்டர் உயரம். இரவில் 85, 90 என்று ஏறிவிடும். அதனால் சூரிய உதயத்திலும் அஸ்தமனத்திலும் கோடு சட்டென்று வளையும். சூரியனில் ஒரு பெரிய வெடிப்பு நடந்தால் சில நிமிஷத்தில் உங்கள் கோடு துள்ளும். இரவில் ஹெட்போன் மாட்டினால் மின்னல்கள் 'படபட' என்று கேட்கும். நடுநடுவே 'டியூ, டியூ' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். அதை ட்வீக் என்பார்கள். அது 1.7 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வந்து நின்றுவிடும். ஒளியின் வேகத்தை அந்த எண்ணின் இரண்டு மடங்கால் வகுங்கள். 88 கிலோமீட்டர் வருகிறதா? அதுதான் கூரையின் உயரம். ராக்கெட் விடாமல் அயனி மண்டலத்தை அளந்துவிட்டீர்கள்.

நம் ஊரின் இரைச்சல்

இதெல்லாம் அமைதியான இடத்தில். நம் பகுதியில் செய்தால் என்ன நடக்கும்?

1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து கார்கள் வெளிவரத் தொடங்கின. 2010-இல் ஒரகடத்திலும் கார் உற்பத்தி ஆரம்பமானது. இன்று இந்த நெடுஞ்சாலையின் இருபக்கமும் தொழிற்சாலைகள். உள்ளே ஓடும் மோட்டார்கள் பலவும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் மூலம் ஓடுகின்றன. அந்த டிரைவ் விநாடிக்குச் சில ஆயிரம் முறை மின்சாரத்தை வெட்டி ஒட்டுகிறது. பொதுவாக 2 முதல் 16 கிலோஹெர்ட்ஸுக்குள். அதாவது நாம் கேட்க நினைக்கும் அதே இடத்தில். இதற்கு மேல் எல்.இ.டி. விளக்கு, செல்போன் சார்ஜர், கூரைமேல் சோலார் இன்வெர்ட்டர். ஸ்ரீபெரும்புதூர் 400 கிலோவோல்ட் துணைமின் நிலையத்திலிருந்து கிளம்பும் கோபுரங்கள் வேறு. 50 ஹெர்ட்ஸின் பேரப்பிள்ளைகள் எல்லாரும் சீப்பின் பற்கள் மாதிரி திரை முழுக்க வரிசையாக நிற்பார்கள்.

தொழிற்சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்குச் சோறு போடுவதே அதுதான். ஆனால் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். லேப்டாப்பை சார்ஜரிலிருந்து பிடுங்கி பேட்டரியில் ஓட்டுங்கள். வீட்டில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஒரு முறை, போட்டுவிட்டு ஒரு முறை பாருங்கள். பிறகு சட்டத்தைத் தூக்கிக்கொண்டு மின்கம்பிக்கு எட்டாத திறந்த வெளியாகத் தேடிப் போங்கள். ஏரிக்கரை நீர்வளத் துறைக்குச் சொந்தமானது, அனுமதி இல்லாமல் அங்கே ஏற வேண்டாம். படப்பைக்கு அந்தப் பக்கம் வயல்வெளி இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

புறம்போக்கு என்றால் பட்டா வேண்டாமா?

கேட்டாயிற்று, இனி அனுப்பலாமா? பொறுங்கள், தம்பி.

சர்வதேச அலைவரிசை அட்டவணையில் 8.3 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே யாருக்கும் இடம் ஒதுக்கப்படவில்லை. 2012-ஆம் ஆண்டு உலக வானொலி மாநாட்டில் 8.3 முதல் 11.3 வரை வானிலைப் பணிக்கு, மின்னலைக் கேட்டறிவதற்கு ஒதுக்கினார்கள். அதற்கு மேலே கடற்படைகளும் நேரம் சொல்லும் நிலையங்களும் உட்கார்ந்திருக்கின்றன. ஐரோப்பிய ஆர்வலர்கள் அந்த ஒதுக்கப்படாத இடத்தில்தான், 8.27 கிலோஹெர்ட்ஸ் பக்கம், சோதனை செய்கிறார்கள். அங்கும் சில நாடுகளில் தனி அனுமதி வாங்கித்தான் செய்கிறார்கள். ஒதுக்கப்படாத இடம் என்றால் நம் ஊர்ப் புறம்போக்கு மாதிரி. யார் பெயரிலும் இல்லை என்பதற்காக நாம் போய் வீடு கட்டிவிட முடியாது.

ஆகவே முறையான வழி இது. மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் திட்டப் பிரிவு நடத்தும் அமெச்சூர் தேர்வை எழுதுங்கள். 12 வயது நிரம்பியவர் யாரும் எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் தேவையில்லை, ஜெனரல் கிரேடுக்கு வேண்டும். கல்லூரியின் பெயரிலேயே கிளப் நிலையத்துக்கும் லைசென்ஸ் வாங்கலாம். லைசென்ஸ் வந்ததும் அதோடு வரும் அலைவரிசை அட்டவணையை வரி வரியாகப் படியுங்கள். 2007-ஆம் ஆண்டு மாநாட்டில் 135.7 முதல் 137.8 கிலோஹெர்ட்ஸ் வரையும், 2012-இல் 472 முதல் 479 வரையும் அமெச்சூர்களுக்கு உலக அளவில் இடம் கிடைத்தது. உங்கள் லைசென்ஸ் அட்டவணையில் அந்த வரி இருந்தால் அங்கே ஆரம்பியுங்கள். இல்லையென்றால் அந்தப் பிரிவுக்கே எழுதிச் சோதனை அனுமதி கேளுங்கள். 8 கிலோஹெர்ட்ஸுக்கு எழுத்தில் அனுமதி வந்தால் மட்டுமே. அனுமதி வரும்வரை கருவியை டம்மி லோடில் மட்டும் ஓட்டுங்கள்.

137 கிலோஹெர்ட்ஸ் என்பது இலக்கணப்படி மிகத் தாழ்ந்ததல்ல, தாழ்ந்த அதிர்வெண். ஆனால் நீச்சல் பழகுபவன் முதலில் படித்துறையில்தானே இறங்க வேண்டும்? அங்கே கற்பது எல்லாம் கீழேயும் உதவும்.

சின்ன ஆன்டெனாவின் பெரிய கணக்கு

டிரான்ஸ்மிட்டர் கட்டுவது இதில் சுலபமான பாகம். 137 கிலோஹெர்ட்ஸில் இரண்டு மாஸ்ஃபெட் போதும், ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். கிளாஸ் டி முறையில் ஒரு ஃபெரைட் டிரான்ஸ்ஃபார்மர், பின்னால் ஹார்மானிக்கை அடக்க ஒரு லோ பாஸ் ஃபில்டர். 8 கிலோஹெர்ட்ஸ் என்றால் இன்னும் சுலபம், கச்சேரிக்கு வைக்கும் ஆடியோ ஆம்ப்ளிஃபயரே போதும். கஷ்டமெல்லாம் ஆன்டெனாவில்.

புத்தகப்படி ஆன்டெனா கால் அலைநீளம் இருக்க வேண்டும். 18.2 கிலோஹெர்ட்ஸுக்கு அது 4 கிலோமீட்டர் உயரம். கட்டபொம்மனில் உள்ள மிக உயர்ந்த கோபுரமே 471 மீட்டர்தான். கடற்படைக்கே குட்டை ஆன்டெனா என்றால் நமக்குக் கேட்க வேண்டுமா?

நம் கையில் இருப்பதைப் பார்ப்போம். மூன்று மாடிக் கட்டடங்கள் இரண்டு. உயரம் 12 மீட்டர். நடுவே 40 மீட்டர் கம்பி கட்டி, அதன் மத்தியிலிருந்து ஒரு கம்பியைத் தரைக்கு இறக்கினால் 'டி' வடிவ ஆன்டெனா. இதன் கெப்பாசிட்டன்ஸ் சுமார் 300 பைகோஃபாரட். 137 கிலோஹெர்ட்ஸில் இதன் கதிர்வீச்சு மின்தடை வெறும் 0.047 ஓம். காயிலிலும் மண்ணிலும் வீணாகும் மின்தடை 60 ஓம் என்று வையுங்கள். 100 வாட் கொடுத்தால் அலையாகக் கிளம்புவது சுமார் 80 மில்லிவாட். மிச்சமெல்லாம் மண்ணுக்கும் காயிலுக்கும் சூடு.

அதே கம்பியில் 8.27 கிலோஹெர்ட்ஸ் போட்டால்? அலைநீளம் 36 கிலோமீட்டர். கதிர்வீச்சு மின்தடை 0.00017 ஓம். வீணாகும் மின்தடை 300 ஓம் என்றால் 100 வாட்டில் கிளம்புவது சுமார் 60 மைக்ரோவாட். படிக்கும்போதே சிரிப்பு வருகிறது இல்லையா? ஆனால் 2014-இல் அமெரிக்காவின் வட கரோலினாவிலிருந்து ஓர் அமெச்சூர் 9 கிலோஹெர்ட்ஸுக்கு அருகே அனுப்பியது இங்கிலாந்தில் கேட்டது. கிளம்பியது ஒரு மில்லிவாட்டுக்கும் குறைவு. அதற்கு முன் ஜெர்மனியில் பட்டத்தில் கம்பி கட்டிப் பறக்கவிட்டுச் சோதனை செய்தார்கள். நாம் அதைச் செய்ய வேண்டாம். நம் தலைக்கு மேல் மீனம்பாக்கம் போகும் விமானங்கள், பக்கத்தில் உயர் அழுத்த மின்கம்பிகள். பட்டக் கம்பி அதில் பட்டால் ரேடியோவும் இருக்காது, ஆளும் இருக்க மாட்டான்.

காயிலும் எர்த்தும்

300 பைகோஃபாரட்டை 137 கிலோஹெர்ட்ஸில் சமன் செய்ய 4.5 மில்லிஹென்றி காயில் வேண்டும். ஓர் அடி விட்டமுள்ள பி.வி.சி. குழாயில் வீட்டு வயரிங்குக்கு வாங்கும் ஒரு சதுர மில்லிமீட்டர் வயரைச் சுற்றுங்கள். சுமார் 175 சுற்று, அரை மீட்டர் உயரம், 170 மீட்டர் வயர். 90 மீட்டர் கட்டு இரண்டு வாங்கினால் சரியாக இருக்கும். கணக்கு கிட்டத்தட்டத்தான் வரும். அதனால் மேலே பத்துப் பதினைந்து இடத்தில் டேப் எடுத்துவிடுங்கள். மழை பெய்தாலே ட்யூனிங் மாறும்.

8.27 கிலோஹெர்ட்ஸுக்கு இதே ஆன்டெனாவுக்கு வேண்டியது 1.2 ஹென்றி. மில்லி இல்லை, முழு ஹென்றி. அதைச் சுற்ற ஒரு செமஸ்டர் விடுமுறை வேண்டும்.

எர்த் இல்லாமல் இதில் எதுவும் இல்லை. வீட்டுக்குப் போடுவதுபோல் ஒரு குழியில் கரியும் உப்பும் போட்டால் போதாது. ஆன்டெனாவுக்கு அடியில் எட்டுப் பத்து ராடு அடித்து எல்லாவற்றையும் இணையுங்கள். நிலத்தில் வெறும் கம்பிகளை நட்சத்திரம் மாதிரி விரித்துப் புதையுங்கள். ஒவ்வொரு ராடு சேர்க்கும்போதும் ஆன்டெனாவில் ஓடும் கரன்டை அளந்து நோட்டில் எழுதுங்கள். 60 ஓம் 40 ஓமாகக் குறைந்தால் டிரான்ஸ்மிட்டரைத் தொடாமலே ஒன்றரை மடங்கு பவர் கிடைத்த மாதிரி. ஐப்பசி மழைக்குப் பின் ஒரு முறை, சித்திரை வெயிலில் ஒரு முறை அளந்தால் மண்ணின் குணமே தெரிந்துவிடும்.

இதைத் தடித்த எழுத்தில் போடும்படி மலர்க் குழுவைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 100 வாட்டில் 137 கிலோஹெர்ட்ஸ் ஆன்டெனாவில் சுமார் 1.3 ஆம்பியர் ஓடும். காயிலின் மேல்முனையில் சுமார் 5,000 வோல்ட் நிற்கும். 8.27 கிலோஹெர்ட்ஸில் 0.3 ஆம்பியருக்கே 19,000 வோல்ட். ஓடிக்கொண்டிருக்கும்போது காயிலைத் தொடாதீர்கள். மாடியில் கம்பிக்குக் கீழே யாரும் துணி காயப்போட வரக்கூடாது. வேலி போடுங்கள், அபாயப் பலகை வையுங்கள், இரண்டு பேர் இல்லாமல் ஆன் செய்யாதீர்கள். இடி மின்னல் நேரத்தில் கம்பியைக் கழற்றி எர்த்தில் போட்டுவிடுங்கள்.

அவசரப்படாதவன் ஜெயிப்பான்

80 மில்லிவாட் எப்படி ஊர் கடந்து போகும்? இதில்தான் விஷயமே இருக்கிறது.

பேச்சை அனுப்ப சுமார் 2,500 ஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். அவ்வளவு அகலமான கதவைத் திறந்தால் இரைச்சலும் அவ்வளவு உள்ளே வரும். அதற்குப் பதிலாக மோர்ஸில் ஒரு புள்ளிக்கு 30 விநாடி எடுத்துக்கொள்ளுங்கள். ரிசீவருக்குத் தேவையான அகலம் ஹெர்ட்ஸில் முப்பதில் ஒரு பங்குதான். உள்ளே வரும் இரைச்சல் 75,000 மடங்கு குறைந்துவிட்டது. கேட்பவன் பக்கத்தில் உங்கள் ஒரு வாட் 75 கிலோவாட் மாதிரி வேலை செய்கிறது. காதால் கேட்க முடியாது. திரையில் ராத்திரி முழுக்க ஊர்ந்து வரும் கோட்டைக் கண்ணால் படிக்க வேண்டும்.

இதையே கம்ப்யூட்டர் செய்யும் முறைகளும் வந்துவிட்டன. இயற்பியலில் 1993-இல் நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லர் ஓர் அமெச்சூர். அவர் 2008-இல் விஸ்பர் என்ற முறையை எழுதினார். ஒரு செய்தி 50 பிட் மட்டுமே, அதற்கு ஏறக்குறைய இரண்டு நிமிஷம், 6 ஹெர்ட்ஸ் அகலம். பிறகு தாழ்ந்த அலைவரிசைக்கென்றே அரை மணி நேரம் வரை நீளும் முறைகளும் சேர்ந்தன.

ஒரு நிபந்தனை உண்டு. கதவு இவ்வளவு குறுகலாக இருந்தால் நீங்கள் தள்ளாடாமல் வர வேண்டும். 137 கிலோஹெர்ட்ஸில் முப்பதில் ஒரு ஹெர்ட்ஸ் என்றால் பத்து லட்சத்தில் கால் பங்குதான் விலகலாம். சாதாரண கிரிஸ்டல் போதாது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் தரும் விநாடித் துடிப்போடு ஆசிலேட்டரைப் பூட்டுங்கள். அந்தத் துண்டுக் கருவி இப்போது மலிவாகக் கிடைக்கிறது.

முதல் நாளே இலங்கையைத் தொட ஆசைப்படாதீர்கள். ஒரு கோஷ்டி அனுப்பட்டும். இன்னொரு கோஷ்டி மரச்சட்டத்தோடு ஒரு கிலோமீட்டர், அடுத்த வாரம் ஐந்து, அப்புறம் காஞ்சிபுரம் என்று தள்ளிப் போகட்டும். தூரத்தையும் வலிமையையும் வரைபடத்தாளில் குறியுங்கள். எங்கே கோடு இரைச்சலில் மூழ்குகிறதோ அதுதான் உங்கள் நிலையத்தின் எல்லை. அடுத்த மாதம் அந்த எல்லையைத் தள்ளுவதுதான் விளையாட்டு.

என்ன பிரயோஜனம்?

"அண்ணா, செல்போன் இருக்கும்போது இது எதற்கு?" என்று ஒரு தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் உபரிநீர் அடையாற்றில் போனபோது நாம் பட்ட பாடு எல்லாருக்கும் நினைவிருக்கும். அப்படிப்பட்ட நேரத்தில் உதவும் ரேடியோ இது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அதற்கு ஷார்ட்வேவும் கையடக்க செட்டும்தான் வேண்டும். 'படகு அனுப்பு' என்று இதில் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆகும்.

இதன் பிரயோஜனம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு தொழிற்சாலை, பெயர் வேண்டாம். கன்வேயர் ஒன்று காரணமே இல்லாமல் நின்று நின்று போனது. சென்சாரை மாற்றினார்கள். பி.எல்.சி. கார்டை மாற்றினார்கள். ஒரு வாரம் போயிற்று. கடைசியில் ஒரு சின்ன லூப்பையும் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு கேபிள் டிரே ஓரமாக நடந்தோம். 8 கிலோஹெர்ட்ஸில் கோடு ஓர் இடத்தில் எகிறியது. மோட்டாருக்குப் போகும் டிரைவ் கேபிளும் சென்சார் கேபிளும் பத்து மீட்டர் தூரம் கட்டிப்பிடித்துக்கொண்டு போயிருந்தன, ஷீல்டு எர்த்தில் சேரவே இல்லை. பிரித்துப் போட்டோம், சரியாகிவிட்டது. ரேடியோ கேட்க வைத்திருந்த அதே மரச்சட்டத்தின் தம்பிதான் அந்த லூப்.

இந்த நெடுஞ்சாலையில் வேலைக்கு வரும் நம் பிள்ளைகள் பலருக்கு டிரைவை புரோகிராம் பண்ணத் தெரிகிறது. அது வெளியே விடும் அலையை அளக்கத் தெரிவதில்லை. எர்த் என்றால் பச்சை வயர் என்பதோடு முடிந்துவிடுகிறது. 0.047 ஓமுக்காக 60 ஓமோடு ஒரு வருஷம் மல்லுக்கட்டியவனுக்கு எர்த் என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். வீணாவது எங்கே என்று தேடுவதுதானே இன்ஜினீயர் வேலை? அதை இவ்வளவு பச்சையாகக் காட்டும் பாடம் வேறு எனக்குத் தெரிந்து இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரைச்சல் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு நம் வளாகத்தில் இந்த அலைவரிசை எப்படி இருக்கிறது என்று அளந்து வைக்காவிட்டால், பத்து வருஷம் கழித்து என்ன இழந்தோம் என்றுகூடத் தெரியாது. கிணற்று நீர்மட்டத்தை அளந்து வைப்பது மாதிரிதான் இதுவும்.

ஆகவே சங்கத்துக்கு என் வேண்டுகோள் பெரியதில்லை. மொட்டை மாடியில் ஓர் அறை, ஒரு மரச்சட்டம், ஒரு பழைய லேப்டாப். அதற்கு ஆகும் பணத்தை எங்கள் பேட்ச் தருகிறது. மாணவர்கள் இந்த வருஷம் கேட்டு மட்டும் பதிவு செய்யட்டும், 18.2 கிலோஹெர்ட்ஸின் தினசரிக் கோட்டை. அதே வருஷம் நான்கு பேர் தேர்வு எழுதட்டும். லைசென்ஸ் வந்தால் அடுத்த வருஷம் காயில். எல்லா அனுமதியும் கையில் வந்தபிறகு மூன்றாம் வருஷம் சாவியை அழுத்துவோம். மூன்று வருஷம் நீளமாகத் தெரிந்தால், ஒரு புள்ளிக்கே 30 விநாடி காத்திருக்கப் போகிறவர்கள் நாம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சேர விரும்பும் தம்பி தங்கைகள் சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் மின்னணுவியல் துறை வாசலுக்கு வாருங்கள். சட்டம் அடிக்க மரம் கொண்டுவந்திருக்கிறேன்.